பக்கத்து நிலத்துக் கோரை

கோரையைத் தோண்டுவதற்கு மழை பெய்த மறுநாள்தான் தோதானது. மண் இளகியிருக்கும். கிழங்கு அறுபடாமல் முழுதாக வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் புல் மட்டும் கையோடு வந்துவிடும், கிழங்கு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். இதெல்லாம் எனக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் லிஃப்ட் ரிப்பேர்.

அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் மெக்கானிக்கை யாரும் சும்மா கூப்பிடுவதில்லை. இரண்டு மாடிக்கு நடுவில் பெட்டி நின்றிருக்கும், உள்ளே ஆட்கள் வியர்த்து வழிந்துகொண்டிருப்பார்கள். கதவை நெம்பித் திறந்து கை கொடுக்கும்போது அவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைச் சம்பளத்தோடு சேர்த்துத்தான் நான் இத்தனை வருஷமும் வாங்கினேன். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் என் கிரீஸ் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என் போன் ஊமையாகிவிட்டது.

என் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் மாலையில்தான் வருவாள். வீட்டிலும் அவளைத் தேடி யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். "லிஃப்ட் நின்னா உங்களைக் கூப்பிட்டாங்க. நீங்களே நின்னுட்டா யாரைக் கூப்பிடறது?" என்று ஒருநாள் கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நானும் சிரித்தேன்.

அவள்தான் எங்கோ சொல்லிவைத்து எனக்கு அந்தத் துண்டு நிலத்தை வாங்கித் தந்தாள். குடியிருப்புகளின் பின்சுவருக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் நீளமாக ஒரு நிலம் கிடக்கிறது. அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, குடியிருப்பவர்களுக்குக் காய்கறி போட்டுக்கொள்ளக் கொடுத்திருக்கிறார்கள். என்னுடையது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அதற்கு அடுத்த துண்டை எடுத்திருந்தவர் வேறு ஊருக்குப் போய்ப் பல வருஷமாகிறது. இடுப்பளவு கோரை. நடுநடுவே உடைந்த தொட்டி, பாட்டில், யாரோ எறிந்த ஒற்றைச் செருப்பு. கடைசியில் ஒரு கொய்யா மரம் மட்டும் தன்பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த தெருக் குடியிருப்பில் துணி தைக்கிற தையல்காரம்மா அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு வந்த அன்று கழுத்திலிருந்து அளவு நாடாவைக் கழற்றி வைக்கக்கூட மறந்திருந்தாள். ஒரு கையில் புதுக் களைக்கொத்து, கடையில் ஒட்டிய தாள்கூடக் கிழிக்காமல். இன்னொரு கை முழங்காலைப் பிடித்திருந்தது.

"அண்ணே, இதை வெட்டினா போதுமா, தோண்டணுமா?"

"தோண்டணும்மா. மேலால வெட்டினா முடி வெட்டி விட்ட மாதிரிதான். இன்னும் ஜோரா வளரும்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவள் கணவர் பஸ் டிரைவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வாழ்நாள் முழுக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் இப்போது நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கொய்யா மரத்தடியில் அவரைக் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும். சுற்றிலும் தக்காளியும் கீரையுமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

"அதுக்கென்ன, நாளைக்கே கூட்டிட்டு வாங்களேன். வரப்பு ஓரமா சக்கர நாற்காலியை உருட்டிக்கலாம்" என்றேன். இதை நான் சொன்னேன் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு என் மனதில் ஒரு கள்ளமும் கிடையாது.

"காட்டைக் காட்ட மாட்டேண்ணே. தோட்டத்தைத்தான் காட்டுவேன்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வேலை செய்தோம். நான் மண்வெட்டியால் புரட்டிப் போடுவேன், அவள் பின்னாலேயே குந்தி, கட்டிகளை உடைத்துக் கிழங்கைப் பொறுக்கி வாளியில் போடுவாள். பழைய கிழங்கு கறுத்துப்போய், ஆட்டுப் புழுக்கை மாதிரி இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக உயிரோடு இருக்கும். பிளாஸ்கில் டீ கொண்டுவருவாள். மூடியில் எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத்தான் அவள் குடிப்பாள். அண்ணே, இது வேரா கிழங்கா. அண்ணே, இந்தப் புழு நல்லதா கெட்டதா. அண்ணே, மண்வெட்டிப் பிடி ஆடுது. வாரம் முழுக்க அந்த ஞாயிறுக்காகக் காத்திருந்தேன். வேறு விதமாக நினைக்க வேண்டாம். அவளை என் கூடப் பிறந்தவளாகத்தான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான்.

வேலை நாங்கள் நினைத்ததைவிடச் சுருக்காக நடந்தது. ஒரு சாயங்காலம் அவள் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். முக்கால்வாசி மண் கறுப்பாக, சுத்தமாகக் கிடந்தது. "அடுத்த வாரத்தோட உங்களுக்குத் தொந்தரவு தீந்துதுண்ணே" என்றாள்.

நன்றியோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் எனக்கு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அலுவலகத்திலிருந்து வெளியே அனுப்பின அந்தக் கடைசி நாள் மாதிரி இருந்தது.

வாளியைக் கொண்டுபோய்க் கிழங்குகளை என் துண்டில் ஒரு தகரத்தின் மேல் காயப்போடுவது வழக்கம். காய்ந்ததும் எரிக்கலாம் என்று. அன்று கொட்டும்போது ஒரு கைப்பிடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். சுத்தம் செய்த பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் அழுத்தி, மேலே மண்ணைத் தள்ளி மூடினேன். தண்ணீரும் ஊற்றினேன்.

நான் எண்ணியது ஒரு வாரத்தைத்தான். ஒரு வாரம் கூடுதலாக வேலை இருந்தால் யாருக்கு என்ன கெட்டுவிடும்.

அடுத்த ஞாயிறு பச்சை ஊசி குத்தி வைத்தது போல முளை கிளம்பியிருந்தது. தையல்காரம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தாள். "நான்தான் ஒழுங்காப் பொறுக்கல போலிருக்கு" என்றாள். "விடுங்கம்மா, கோரைன்னா அப்படித்தான். நான் இருக்கேன்ல" என்றேன். சொல்லும்போதே எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை திங்கட்கிழமை போனேன் என்று கேட்காதீர்கள். ஒருமுறை செய்தாயிற்று. இரண்டாம் முறை செய்வதற்கு அவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. ஒரேயடியாகப் போட மாட்டேன். அவள் சோர்ந்து விட்டுவிடக் கூடாது இல்லையா. ஒரு பக்கம் தேறினால் இன்னொரு பக்கம் கொஞ்சம் போடுவேன். அவளுக்கு நம்பிக்கையும் இருக்க வேண்டும், நானும் அவளுக்குத் தேவைப்பட வேண்டும். அந்த அளவைக் கைக்குப் பழக்கிக்கொண்டேன்.

துணி துவைக்கும்போது என் மனைவி பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துக் காட்டினாள். "இது எதுக்கு பாக்கெட்ல?"

"ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

"பாக்கெட்டுக்குள்ளயா ஒட்டிக்கும்?" என்றாள். அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். நான் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில், ஒரு கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி ஒரே கோளாறில் நிற்கும். அந்தக் கட்டடத்தில் எனக்கு நல்ல மரியாதை. ஒரு திருகை முழுதாக முறுக்காமல் விட்டால் போதும், மறுபடி கூப்பிடுவார்கள். அதில் யாருக்கும் அடிபட்டதில்லை. ஒருநாள் வாய் தவறி அவளிடம் அதைச் சொல்லியிருந்தேன்.

தையல்காரம்மா தன்னைத்தான் நொந்துகொண்டாள். ஞாயிறு போதவில்லை என்று மற்ற நாட்களிலும் தைப்பதை நிறுத்திவிட்டு வர ஆரம்பித்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. மெல்லிய துணியைத் தொட்டால் இழை விரலில் மாட்டி இழுத்துக்கொள்கிறதாம். அதனால் கல்யாணத் துணி, பட்டுத் துணியெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, திரையும் பையும் தலையணை உறையும் மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள். "முரட்டுத் துணிக்கு முரட்டுக் கை, சரியாப் போச்சுண்ணே" என்று சிரித்தாள். நான் அவளுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

ஒருநாள் வீட்டுக்கு வரச் சொன்னாள். சிறிய வீடு, திறந்தால் கீச்சிடுகிற வாசல்கதவு. ஜன்னலுக்குக் கீழே தையல் மிஷின், அதற்குக் கை எட்டும் தூரத்தில் டிரைவரின் கட்டில். மிஷினை மிதித்துக்கொண்டே அவருக்குத் தலையணையைச் சரிசெய்யலாம், அப்படி வைத்திருந்தாள். அவர் என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். கொடுத்தேன். பிடித்தார். பலமான பிடி. அப்புறம் கையை விட்டுவிட்டு, காற்றில் ஸ்டியரிங்கை வளைப்பது போல ஒரு வளை வளைத்தார்.

"எப்பக் கிளம்பலாம்னு கேக்கறாரு" என்றாள் தையல்காரம்மா. "தோட்டத்து அண்ணன் வந்திருக்காருன்னு சொன்னேன்ல, அதான்."

"சீக்கிரம் சார். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்றேன் நான்.

அவர் தலையை ஆட்டினார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. வீட்டுக்கு வந்து கை கழுவினேன். சாப்பிடாமல் படுத்துவிட்டேன். இனிமேல் இல்லை என்று முடிவு செய்தேன். நிஜமாகவே நிறுத்திவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிலம் தேறிவிட்டது. தையல்காரம்மா வரப்பு வைத்துப் பாத்தி கட்டினாள். தக்காளி நாற்று எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள். அப்புறம் ஒருநாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள், முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ.

"பொண்ணும் மாப்பிள்ளையும் வர்றாங்கண்ணே. மாப்பிள்ளை தச்சர்தானே, தோட்டத்து வாசல்லேர்ந்து கொய்யா மரம் வரைக்கும் பலகை போட்டுத் தர்றேன்னுட்டாரு. நாற்காலியை அவரே தள்ளிட்டு வருவாராம். நீங்க இனிமே ரெஸ்ட் எடுங்கண்ணே. எங்களுக்காக ரொம்பப் பாடுபட்டுட்டீங்க."

நல்லதும்மா என்றேன். ரொம்ப சந்தோஷம் என்றேன்.

தகரத்தின் மேல் காயப்போட்ட கிழங்குகளை நான் ஒருநாளும் எரிக்கவில்லை. நிழலில் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தேன். எதற்கு வைத்திருக்கிறோம் என்று அதுவரை என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் போய் அந்தச் சாக்கு முழுவதையும் அவள் பாத்திகளில் போட்டேன். இந்தத் தடவை கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தவில்லை. களைக்கொத்தால் கோடு கிழித்து, கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டி மூடினேன். அவள் கட்டிய வரப்பு கலையாமல் பார்த்துக்கொண்டேன். அன்று மத்தியானமே நல்ல மழை பெய்தது.

மகளும் மாப்பிள்ளையும் வருவதற்கு முன்பே எல்லாம் முளைத்துவிட்டது. பாத்தி பாத்தியாகக் கோரை. தையல்காரம்மா வரப்பில் உட்கார்ந்து முதலில் சிரித்தாள். என்னால் சிரிப்பு என்றுதான் நினைக்க முடிந்தது. பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

"பேசாம இப்படியே கூட்டிட்டு வந்துடவாண்ணே?" என்றாள். "தினமும் கேக்கறாரு. புல்லா இருந்தா என்ன, அதுவும் பச்சைதானே?"

இப்போது நான் சொல்வதை நிதானமாகக் கேளுங்கள். அவளே சொன்னாள். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்று சாயங்காலமே அவர் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். நான் சொன்னது இது: "இவ்வளவு பாடுபட்டு அரைகுறையா காட்டுவீங்களா? முடிச்சுட்டுப் பெருமையாக் காட்டுங்க. நான் தினமும் வர்றேன். மாப்பிள்ளையைக் கொஞ்ச நாள் தள்ளி வரச் சொல்லுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். மாப்பிள்ளையைத் தள்ளி வரச் சொன்னாள்.

அந்த நாட்களில் நான் தினமும் போனேன். மண்வெட்டியும் வாளியும் பிளாஸ்க் டீயுமாக. சொல்லக் கூசுகிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

டிரைவர் ஒரு காலைப்பொழுதில் போய்விட்டார். தூக்கத்திலேயே பக்கவாதம் மறுபடி வந்திருக்கிறது. என் போன் அடித்தது. "அண்ணே, அவரு எந்திரிக்க மாட்டேங்கறாருண்ணே" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டேன், "பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்லண்ணே. முதல்ல உங்களுக்குத்தான் போட்டேன்."

அந்த மனிதர் செத்துக் கிடக்கிறார். அவர் பார்க்க நினைத்ததைப் பார்க்கவிடாமல் செய்தது நான். ஆனால் மாடிப்படியில் இறங்கி ஓடும்போது எனக்குள் முதலில் வந்தது துக்கம் இல்லை. பெற்ற மகளுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்பதுதான் வந்தது. அந்தச் சந்தோஷம் தெருமுனை வரை என்னோடு வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கோரை போட்டதைக்கூட ஒருவேளை எப்போதாவது சொல்லியிருப்பேன்.

அன்று எல்லாம் நான்தான் பார்த்தேன். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நீளவாக்கில் நுழையாது. லிஃப்ட் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினால் ஒரு முழம் இடம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். கழற்றி அவரைக் கீழே கொண்டுவந்தேன். வந்தவர்களெல்லாம் என் தோளைத் தட்டினார்கள். "உங்களை மாதிரி ஒருத்தர் இருந்ததாலதான்" என்று மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடிக்கவிட்டேன்.

சில நாள் கழித்து மகளும் மாப்பிள்ளையும் நிலத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை நாலு சட்டத்தில் கம்பிவலை அடித்து ஒரு சல்லடை செய்திருந்தார். ஒருவர் மண்ணை அள்ளிப் போட, ஒருவர் சலிக்க, இரண்டு பேருமாக மொத்த நிலத்தையும் முடித்துவிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் என் துண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் மட்டும் ஒருமுறை வேலிப்பக்கம் வந்து, "எப்படி மாமா, அம்மாவுக்கு இத்தனை மாசமா முடியல?" என்றாள். கேள்விதான், குத்தல் இல்லை. "மழைக்காலம்மா" என்றேன்.

அவர்கள் ஊருக்குப் போனார்கள். நான் திங்கட்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தேன். கோரை வரவில்லை. அங்கொன்று இங்கொன்று தலை காட்டியதையும் தையல்காரம்மா கையாலேயே எடுத்துவிட்டாள். தக்காளி நட்டாள். பூத்தது. அவள் கொய்யா மரத்தடியில் வெறும் தரையில் உட்கார்ந்திருப்பாள். நாற்காலி எதுவும் கொண்டுவரவில்லை.

ஒரு சாயங்காலம் நான் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை சலிச்சப்ப நான் பக்கத்துலதான் இருந்தேண்ணே. நாம தோண்டாத பாத்தியில கிழங்கு கோடு போட்ட மாதிரி ஒரே வரிசையில கெடந்துச்சு. கைப்பிடி கைப்பிடியா."

நான் குழாயை மூடினேன்.

"பிரிஞ்ச தையல் வேற, பிரிச்ச தையல் வேறண்ணே. நூலைப் பாத்தாலே எனக்குத் தெரியும். அப்பவே தெரிஞ்சுது. நம்பத்தான் இவ்வளவு நாளாச்சு."

"அம்மா..."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு கையை வளைச்சு எப்பக் கிளம்பலாம்னு கேட்டாரே. கோரை ஏன் வருதுன்னு அன்னிக்கும் உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆமென்று தலையை ஆட்டினேன். ஏன் என்று அடுத்தபடி கேட்பாள், "வேலை முடிஞ்சா போயிடுவீங்கன்னுதாம்மா" என்று சொல்லிவிடலாம் என்று நின்றேன். அவள் கேட்கவில்லை. என் முகத்தில் அவளுக்குத் தெரிந்துகொள்ள இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பது போலப் பார்த்தாள். இல்லை போலிருக்கிறது. வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்து, தக்காளிக்கு ஊற்றப் போய்விட்டாள். வாளியை வாங்கிக்கொள்ள என் கை நீண்டது. நீண்டபடியே நின்றது.

இப்போது அவள் நான் இல்லாத நேரம் பார்த்து வருகிறாள், போகிறாள். யாரிடமும் அவள் சொல்லவில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன். நான் செய்தது தப்பு, அதில் இரண்டு பேச்சு இல்லை. என் வருத்தமெல்லாம், அன்றைக்கு அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே என்பதுதான். திட்டியிருந்தால் மறுநாள் மன்னிப்புக் கேட்க என்று ஒருமுறையாவது அவள் வீட்டுக்குப் போயிருப்பேன். போன கையோடு, கீச்சிடுகிற அந்த வாசல்கதவுக்கு இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டுக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.